புள்ளி செவ்வாயிலா, என் கண்ணிலா

முதல் புள்ளியை நான் செவ்வாய்க் கிரகத்தில்தான் பார்த்தேன்.

செவ்வாயைச் சுற்றும் விண்கலம் எடுத்த படங்களில் கருந்தடங்களை விஞ்ஞானிகளுக்காக இணையத்தில், சம்பளமில்லாமல் குறித்துக் கொடுக்கும் வேலை அது. மகள் கற்றுக்கொடுத்தாள். அங்கே வசந்தம் வந்ததும் துருவப் பனிக்கு அடியிலிருந்து வாயு பீறிட்டு, கரிய தூசியை விசிறிபோல் இறைக்குமாம். அது சாயும் திசையைக் குறித்தால் காற்றின் போக்கு தெரியும். படித்தவர்கள் அத்தனை பேர் இருக்க, பாலக்காட்டு எல்லையில் கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என்னிடம் எதற்குக் காட்டுகிறார்கள்? வங்கி எண்கூடக் கேட்கவில்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. ஒரே படத்தைப் பலருக்குக் காட்டி, பலரும் குறித்ததைத்தான் ஏற்பார்கள் என்று மகள் சொன்ன பிறகே சமாதானமானேன். அவர்களும் என்னைப்போல யாரையும் லேசில் நம்புவதில்லை.

ஒரு நாள் நான் குறித்த படத்தின் கீழே, அங்கே வெறும் பனிதான் என்று மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். சோம்பேறிகள் என்று நினைத்தேன். திரையைத் துடைத்துப் பார்த்தேன். பிறகு அதே கறுப்பு தோப்பிலும் தெரிந்தது. வெள்ளை ஈ விழுந்தால் தென்னை ஓலையில் கரும்பூசணம் படரும். மைதாக் கஞ்சி அடித்தால் அதோடு சேர்ந்து காய்ந்து உரிந்துவிடும். ஆள் வைத்து அடித்தேன்.

"ஏம்புள்ள, ஓலை பச்சைப்பசேல்னு இருக்குது. எதுக்குக் கஞ்சி அடிக்கறே?" என்றார் கணவர்.

"உங்களுக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சுங்க."

வலது கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொன்னார். தோப்பு சுத்தமாக இருந்தது. இடது கண்ணைப் பொத்தினேன். கறுப்பு நூல்கள் மிதந்தன. மறுநாளே கிளம்பினோம்.

பாலக்காட்டில் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்.

"கண்ணை அசைச்சா புள்ளியும் கூட வருதா?"

"வருதுங்க."

"அப்ப அது கண்ணுக்குள்ள கசிஞ்ச ரத்தம்மா. உங்களுக்கு இருக்கற ஷுகரால வந்தது."

விழித்திரையில் (கண்ணின் உட்புறம் ஒளியை வாங்கும் சவ்வு) ரத்தக்குழாய் கசிந்திருந்தது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், விட்டால் பார்வையே போகலாம் என்றார். அவரையும் நம்பாமல் கோவையில் இன்னொருவரிடம் காட்டினேன். அவரும் அதே இடத்தைத்தான் குறித்தார். அதன் பிறகு வாதாடவில்லை.

ஊசி, லேசர் (கசிவு அதிகமாகாமலிருக்க விழித்திரையை ஒளிக்கதிரால் சுடுவது), பத்தியம் என்று மாதங்கள் போயின. புள்ளிகள் மெல்லக் கரைந்தன. ஒன்றிரண்டு போகவே இல்லை. உங்களுக்கும் சர்க்கரை இருந்து இப்படி ஏதாவது தெரிந்தால், தோப்புக்குக் கஞ்சி அடித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மறுபடி படங்களைப் பார்க்க உட்கார்ந்தபோது கணவர் பக்கத்தில் நின்றார். பனியில் ஒரு கரிய விசிறி. கண்ணை அசைத்தேன், அது அசையவில்லை. படத்தை நகர்த்தினேன், படத்தோடு போனது.

"கண்ணுலயா, அங்கயா?"

"அங்கதானுங்க."

சொன்ன பிறகும் இடது கண்ணால் மட்டும் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் குறித்தேன். என் கண்ணிடம் நான் இப்போது சாட்சி கேட்கிறேன். செவ்வாயில் அடுத்த வசந்தம் வர நமக்கு ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். முன்பு அது நீண்ட காலமாகவே தோன்றியிருக்காது. இப்போது, அதையும் இந்த வலது கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது.