நேர்ந்துவிட்ட சேவல்

சைரன் ஊதினால் கோழிகளை அடைத்துவிட்டுத்தான் பதுங்குகுழிக்குள் இறங்க வேண்டும் என்று என் மகள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. சைரன் ஊதாத நாட்களிலும் அவளே வாயால் ஊதுவாள். தம்பிமார் இருவரும் கோழிகளைத் துரத்துவார்கள், கோழிகள் கூட்டுக்குள் போகாமல் குழிக்குள் பாயும், கடைக்குட்டி அவற்றின் பின்னால் தலைகீழாக விழுவான். ஒருநாள் அவள் ஊதியதை உண்மை என்று நம்பி, பக்கத்து வீட்டுக்காரர் சவரம் செய்த பாதி முகத்தோடு தன் குழிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்கட பிள்ளையை யப்பான்காரனுக்கு வாடகைக்கு விடலாம், தங்கச்சி" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் காலத்தில் நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. கணவர் துறைமுகக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். சித்திரையில் குண்டு விழுந்தபோது ஊரே கிளம்பியது. நாங்களும் மாட்டு வண்டியில் நிலாவெளிக்குப் போனோம். சீதனமாக வந்த அலுமாரியை விட்டுவிட்டு, அடைகாத்துக்கொண்டிருந்த பேட்டுக்கோழியை முட்டைகளோடு கடகப்பெட்டியில் வைத்து மடியில் ஏற்றிக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உயிருள்ளதை விட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நிலாவெளியில் நடுப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயதுப் பிள்ளை. வெயிலிலும் ஒரு நிமிடம் சும்மா நில்லாதவன் நாலு நாள் கண் திறக்காமல் கிடந்தான். மூச்சு விடும்போது விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஊரைவிட்டுப் போய்விட்டார். தெருவில் இராணுவ லொறிகள் போயினவே தவிர, வைத்தியர் ஒருவரும் வரவில்லை. ஐந்தாம் நாள் விடிய, அடைக்கோழியின் கீழ் முதல் குஞ்சு ஓடு உடைத்துக் கீச்சிட்டது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நேர்ந்தேன்: முருகா, என் பிள்ளை எழும்பி நடந்தால் இந்த அடையில் வரும் முதல் சேவல் உனக்கு.

பிள்ளை எழும்பினான். நாங்கள் ஊர் திரும்பினோம். முதல் குஞ்சே சேவலாக வளர்ந்தது. செம்பழுப்பு நிறம், வாலில் கறுப்பு. பிள்ளைகள் அதைச் செம்பன் என்று கூப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம் வளரட்டும், கொண்டை நிமிரட்டும், நல்லதாகக் கொடுப்போம் என்று நாளைத் தள்ளினேன். அதோடு நான் செய்த பெரிய பிழை, நேர்த்தியைப் பற்றிக் கணவரிடம் சொல்லாததுதான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். காய்ச்சலுக்குக் கோழி நேர்ந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கமாட்டார் என்று தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிணற்றடியில் மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தித் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குட்டியின் தலையில் சவர்க்கார நுரை. அப்போது முற்றத்தில் சேவல் கத்தியது. பாம்பு புகுந்துவிட்டது என்று ஓடினேன். கோழிக்கூட்டுக் கதவு திறந்து கிடந்தது. கணவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பெரியவர் நாளைக்குத் துரைக்கு விருந்து வைக்கிறாராம். பியோன் வந்து நல்ல சேவல் ஒண்டு கேட்டவன். செம்பனைக் குடுத்தனான்."

துரை என்றால் வெள்ளைக்கார அதிகாரி. பெரியவர் என்றால் கந்தோரின் தலைமைக் கிளாக்கர். யார் எந்த ஸ்டோருக்கு வேலைக்குப் போவது என்று பட்டியல் எழுதுகிறவர். சீனன்குடாவில் குண்டு விழுந்து எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்த புகையை நாங்கள் நிலாவெளியிலிருந்தே பார்த்தவர்கள். அங்கே ஆள் அனுப்பும் பட்டியலில் தன் பெயர் வரப்போகிறது என்று இரண்டு கிழமையாகக் கணவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. சேவலை ஏன் கொடுத்தார் என்று எனக்கு உடனே விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை.

"அது நேர்ந்த சேவல்" என்றேன்.

"என்ன நேர்ந்தது?"

நான் சொன்னேன். அவர் சைக்கிளை வாசலுக்கு உருட்டினார். "இனி ஏலாது. போய்க் கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போய்விட்டார்.

கணவர் ஏலாது என்று சொன்னதை நான் அதுவரை மீறியதில்லை. ஆனால் பையன் ஈரத் தலையோடு நின்று, "செம்பன் எங்கை?" என்று கேட்டான். அவனுடைய நெஞ்செலும்பு அப்போதும் வெளியே தெரிந்தது. நேர்த்தி தவறினால் என்ன நடக்கும் என்று நினைக்கக்கூடத் துணியவில்லை. படித்த மனுசி ஒருத்தி இப்படிப் பயப்படலாமா என்று ஒரு பக்கம். பிள்ளையின் உயிரில் பரீட்சை செய்து பார்க்கலாமா என்று மறுபக்கம். மூவருக்கும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெரியவரின் குவாட்டர்ஸ் மேட்டில் இருந்தது. பின்பக்கம், சமைக்கும் குசினி வாசலில் சேவல் கால் கட்டப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் பியோன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து பெரியவரின் மனைவி வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருடைய கை தாலிக்கொடிக்குப் போனது.

"நேர்த்திச் சேவலோ? இதை என்ர குசினிக்கு ஏன் கொண்டந்தனீ?" என்று பியோனிடம் கேட்டார்.

"தந்ததை நான் கொண்டந்தனான் அம்மா. அது வாய் திறந்து சொல்லேல்லை."

முன்விறாந்தையில் சாய்ந்திருந்த பெரியவருக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். கதிரையை விட்டு எழும்பாமலே பேசினார். "கிளாக்கர் பெண்சாதி ஒரு கோழிக்கு மேடு ஏறி வந்திருக்கிறா. பிள்ளை, துரைக்கு விருந்து நாளைக்கு. சாமிக்கு என்ன அவசரம்? அடுத்த கிழமை வேற ஒண்டு குடுத்தால் முருகன் கோவிக்கவே போறார்?"

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. "துரைக்கு வேற ஒண்டு குடுத்தால் துரை கோவிப்பாரோ, ஐயா?"

பியோன் பீடியைப் பின்னால் மறைத்தான். பெரியவரின் மனைவி குனிந்து, சேவலின் கட்டைத் தானே அவிழ்த்து என் கையில் தந்தார். "கொண்டு போங்கோ தங்கச்சி. இண்டைக்கே கோயிலில விட்டிடுங்கோ" என்று மெதுவாகச் சொன்னார். மேட்டை விட்டு இறங்கினோம். கணவரின் பெயரை நானே சீனன்குடாப் பட்டியலில் எழுதிவிட்டேனோ என்று வழியெல்லாம் நினைத்தேன். மகள் மட்டும் பெருமையாக நடந்தாள்.

அன்றே முருகன் கோயிலுக்குப் போனோம். இரவில் விளக்கு ஏற்றக் கூடாத இருட்டடிப்புக் காலம் என்பதால் மாலைப் பூசை வெயில் இருக்கும்போதே முடிந்துவிடும். சேவலின் காலைக் கழுவி, நெற்றி என்று நினைத்துப் பையன் அதன் கொண்டையில் திருநீறு பூச, சந்நிதியில் விட்டோம். அது ஒரு முறை சிறகை விரித்துச் செட்டையடித்தது. என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை.

நேர்த்தியாக வரும் சேவல்களைப் பூசைக்குப் பிறகு கோயில் வீதியில் ஏலம் விடுவது வழக்கம். வருமானம் கோயில் எண்ணெய்க்கும் பூவுக்கும் போகும். இது எனக்குச் சிறுவயதிலிருந்து தெரிந்த விஷயம். தெரிந்தும் அன்று அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஏலம் தொடங்கியது. கோயில் மணியகாரர் செம்பனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். யாரோ ஒரு விலை கேட்டார்கள். அதற்கு மேலே கூட்டி இன்னொரு குரல் கேட்டது. அந்தக் குரலை நான் காலையில்தான் கேட்டிருந்தேன்.

பியோன்தான். என்னைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டான். ஆனால் விடவில்லை. மூன்றாம் தரம் சொல்லி முடிந்ததும், சேவல் அவனுடைய கக்கத்துக்குப் போனது.

"பெரியவர் சொன்னவர் அம்மா" என்று கிட்ட வந்து சொன்னான். "இனி இது நேர்த்திச் சேவல் இல்லைத்தானே. ஏலத்துச் சேவல். வீட்டு அம்மாவும் இனிச் சமைக்கலாம் எண்டவ."

பையன் என் சேலையை இழுத்தான். "அம்மா, சாமிக்குக் குடுத்ததை அவர் ஏன் கொண்டு போறார்?"

"அவர் வாங்கிப்போட்டார்."

"சாமி வித்ததோ?"

பின்னால் நின்ற ஒரு மனுசி சிரித்தாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நேர்த்தி முறையாக நிறைவேறியது. ஏலம் முறைப்படி நடந்தது. ஒருவரும் ஒரு பிழையும் செய்யவில்லை. அதனால்தான் என் ஆத்திரத்தை யார் மேல் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வழியில் இரண்டு தரம் முருகனையும் ஏசினேன். உடனே பயந்து, பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கணவர் சிரித்த முகத்தோடு வந்தார். சோறு போடும்போதே தொடங்கினார். "பெரியவர் இண்டைக்கு நல்ல சந்தோசம். சீனன்குடாக் கதையே எடுக்கேல்லை. பாரும், சாமிக்கும் போச்சு, துரைக்கும் போச்சு. எல்லாம் சரியாத்தானே முடிஞ்சுது."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றேன்.

"நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அது உண்மை. அவருக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "துரைக்கு நல்லாப் பிடிச்சதாம். உங்கட வீட்டில இன்னும் ஒண்டு இருக்கோ எண்டு பெரியவர் கேட்டவர்" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"பேசாமல் இருந்தனான்."

"பேசாமல் இருந்தால் ஓம் எண்டு எடுப்பினம்."

சாப்பிட்டு முடிந்ததும் நான் மேசையைத் துடைத்து, மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழித்து, பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலத்தில் பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் வீட்டுக் கோழிகள் பிள்ளைகளின் முட்டைக்காக வளர்க்கப்படுகின்றன, இனிக் கொடுப்பதற்கில்லை என்று. மரியாதைச் சொற்களை ஒரு தரம் கூட்டினேன், பிறகு அவற்றில் பாதியை வெட்டினேன். கடைசி வரி கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கணவர் அதை நின்றபடி முழுவதும் வாசித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அதைக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. பியோன் பிறகு சேவல் கேட்டு எங்கள் வாசலுக்கு வரவில்லை.