பாதி ரேஸில் அணையும் கம்ப்யூட்டர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. ஹூப்ளி லாரியில் கிளீனர், நெல்லூரில் இறால் குட்டைக்குக் காவல், புனேயில் ஓட்டல் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் பெங்களூரில் ஒரு கேம்ஸ் சென்டரைக் கூட்டிப் பெருக்கினேன். அங்கே கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வேலை வந்துவிட்டதாக ஓர் எண்ணம். இரண்டாயிரமாவது வருடம், கையில் இருந்ததையெல்லாம் கொட்டிப் பாகங்களாக வாங்கி, இரண்டு அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்து, கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கினேன். அக்கா வீடு அங்கேதான்.

அவள் வீட்டு முன்னறையில் கேம்ஸ் கடை போடுவது என் திட்டம். அக்கா புருஷன், அதாவது மாமா, தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். நூலளவு தப்பினாலும் ரிஜெக்ட் என்று ஒதுக்கிப் பழகியவர். என்னால் அவருடைய டிவி சமையலறைக்குப் போயிருந்தது. தாளிக்கும் புகையில் இருமிக்கொண்டே நான்கு நாள் செய்தி பார்த்தவர், ஐந்தாம் நாள் நிபந்தனை போட்டார்.

“ஞாயித்துக்கெழமை இந்த மிஷினு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாட்டி கூட அணையக் கூடாது. ஓடுச்சுன்னா ரூம் உனுக்கு. இல்லன்னா திங்கக்கெழமை பெங்களூர் ட்ரெயினு. குடோன்ல ஆள் கேட்டுக்கினு இருக்காங்க, சொல்லி வச்சிட்டேன்.”

குடோனுக்கு நான் பயப்படவில்லை. அதைவிட மோசமான இடங்களில் தூங்கி எழுந்திருக்கிறேன். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரிடத்தில் உட்கார ஆசை வந்திருந்தது.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடும். கார் ரேஸ் பாதியில் இருக்கும்போது சட்டென்று திரை கறுத்து, ஒரு பீப் சத்தத்தோடு எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். சில நாள் இரண்டு தடவை, சில நாள் ஐந்தாறு. நேரம் காலம் கிடையாது. முதல் நாள் ஆட வந்த இரண்டு வாலிபர்கள், ஜெயிக்கிற சமயத்தில் அணைகிற மாதிரி நான்தான் செட்டிங் செய்து வைத்திருப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

சூடு என்று நினைத்து டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். மாமா வியர்வையில் சாப்பிட்டார். கரண்ட் என்று நினைத்து ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி மாட்டினேன். பால் திரிந்தது. மெமரியைப் பிடுங்கிப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். அக்கா தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து மானிட்டரில் தொங்கவிட்டாள். அது இடது பக்கம் வரும் கார்களை மறைத்தது.

தினமும் எஸ்டிடி பூத்துக்குப் போய், பாகங்கள் விற்ற பெங்களூர் கடைக்காரனுக்குப் போன் போடுவேன். என் வயதுதான் அவனுக்கு, பெங்களூர் வழக்கப்படி என்னை குரு என்று கூப்பிடுவான். அணையும்போது வீட்டில் என்ன நடக்கிறது, மிக்ஸி, மோட்டார் ஏதாவது ஓடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். ஒன்றும் நடக்கவில்லை என்பேன். மனதறிந்து பொய் சொல்லவில்லை. என் தொல்லை தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அவனே வந்து இறங்கினான்.

கம்ப்யூட்டரின் தகரப்பெட்டி, அதாவது கேபினெட், தரையில் இரண்டு செங்கல் மேல் இருந்தது. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவனுக்கு அக்கா இட்லி வைத்தாள். மாமா வாட்சைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது இட்லியில் வீடு குலுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன, கூரையிலிருந்து கொஞ்சம் தூசி கொட்டியது, திரை கறுத்தது.

“பாத்தியா, இப்படித்தான் ஆவுது” என்று திரும்பினால் ஆளைக் காணோம். தெருவில், கையில் பாதி இட்லியோடு, பொதுக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

“குரு, பூகம்பம்.”

“பூகம்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கீழ பாறை நொறுங்குது. டெய்லி ஆவறதுதான். உள்ள வா, சட்னி ஊத்தி வச்சிருக்குது.”

எங்கள் ஊர் அப்படி. வீடுகளுக்கு அடியில் ஒரு மைலுக்கும் மேல் ஆழமாக வெட்டிய தங்கச் சுரங்கம். பாறை நெருக்குண்டு உள்ளே வெடித்தால் மேலே வீடு ஆடும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்பதை மட்டும் விசாரிப்போம். மற்றபடி அதற்காக யாரும் சாப்பாட்டை நிறுத்தியதில்லை.

“நான் போன்ல என்னா கேட்டேன்? வீட்ல என்னா நடக்குதுன்னு கேட்டனா இல்லியா?”

“கேட்ட.”

“வீடே ஆடுது. அது உனக்கு ஒண்ணும் நடக்கலயா?”

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது.

அவன் திரும்ப வீட்டுக்குள் வரமாட்டேன் என்றுவிட்டான். கேபினெட்டைத் தெருவுக்குத் தூக்கி வந்து, குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களுக்கு நடுவே பிரித்தான். உள்ளே மதர்போர்டு தகரத்தில் படாமல் இருக்க, சின்னப் பித்தளைக் கால்களின் மேல் அதை நிறுத்துவார்கள். போர்டில் ஆறு ஓட்டைகள். நான் ஒன்பது கால் போட்டிருந்தேன். ஏன் என்று கேட்டான்.

“ஒம்போது குடுத்த, ஒம்போதும் போட்டேன்.”

மிச்சம் மூன்றில் ஒன்று, போர்டின் அடியில் ஒரு ஈயப்பொட்டுக்கு மயிரிழை கீழே நின்றிருந்தது. வீடு குலுங்கினால் இரண்டும் முத்தமிட்டுக்கொள்ளும், ஷார்ட் ஆகிக் கம்ப்யூட்டர் அணையும். மாமா குனிந்து அந்த இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து, தன் செக்‌ஷனாக இருந்தால் என்னைத் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பார்கள் என்றார். கடைக்காரன் மூன்றையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தான். டீ கூடக் குடிக்கவில்லை.

காலையிலேயே ஒரு தடவை அணைந்துவிட்டதே என்று நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் லேத்காரர், ரிப்பேர் செய்த பிறகு மறுபடி சோதிப்பதுதான் முறை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் சாயங்காலத்துக்குள் ஒரு குலுக்கலாவது வந்தாக வேண்டும் என்றார். குலுங்காமல் ஓடினால் அது டெஸ்ட் ஆகாதாம்.

வீடு குலுங்கட்டும் என்று காத்திருந்தது எங்கள் தெருவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பன்னிரண்டு ஆனது, இரண்டு ஆனது, பூமி அசையவில்லை. செய்தி பரவி அந்த இரண்டு வாலிபர்களும் வந்து சேர்ந்தார்கள். மூவரும் சேர்ந்து தரையில் குதித்துப் பார்த்தோம். சுவரிலிருந்து காலண்டர் விழுந்தது. செல்லாது என்றார் மாமா. பொழுது போகவில்லை என்று அவரே கீபோர்டை இழுத்துக்கொண்டார். நான்கு மணிக்கு, கார் வளையும் பக்கமெல்லாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டிருந்தார்.

ஐந்து மணி தாண்டியதும் டம்ளர்கள் கிணுகிணுத்தன. எல்லாரும் திரையைப் பார்த்தோம். கார் ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா, ஆடுச்சு” என்றேன்.

“எது?” என்றார், திரும்பாமல்.

அவர் கவனிக்காத குலுக்கல் செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் சமையலறையிலிருந்து வந்து, கொட்டிய தூசியை விரலில் தொட்டு அவர் கண்ணெதிரே காட்டினாள். ரேஸ் முடியட்டும் என்று கையை விலக்கினார். நான்காவதாக வந்தார்.

“ரூம வச்சிக்க. நான் டூட்டி முடிச்சி வந்தா மட்டும் யார் ஆடினு இருந்தாலும் எழுப்பி வுட்டுடணும்.”

அந்த முன்னறையில் பதினான்கு மாதம் இருந்தேன். அதுவரை வேறு எந்த ஊரும் என்னை அவ்வளவு நாள் வைத்துக்கொண்டதில்லை.