சீனக்காரருக்கு அச்சடித்த இங்கிலீஷ் புத்தகம்

எனக்குத் தந்த இங்கிலீஷ் புத்தகத்தில் பாதி சீன எழுத்து. இந்தப் பக்கம் இங்கிலீஷ் சொல், அந்தப் பக்கம் அதன் கருத்து சீனத்தில். நான் யாழ்ப்பாணத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷும் தெரியாது, சீனமும் தெரியாது. அதை என் கையில் தந்து படி என்றார்கள்.

தொண்ணூறுகளில் நடந்தது இது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பக்டரி. பட்டாணி, சோளம், கரட் எல்லாம் உறையவைத்துப் பையில் போட்டுப் பெட்டியில் அடைக்கிற இடம். நான் பிரீசருக்குள் பெட்டி அடுக்குகிறவள். மல்வேர்னில் இருந்து இருட்டோடு பஸ் எடுத்துப் போவேன். வெளியில் பனி. உள்ளே போனால் அதைவிடக் குளிர். வெளியில் கிடக்கிற குளிருக்குச் சம்பளம் தரமாட்டார்கள், இதற்குத் தருவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வருடம் புதிதாக லேபல் அறை ஒன்று திறந்தார்கள். புது மெசின். அறை சூடாக இருக்கும். கதிரையில் இருந்து செய்கிற வேலை. ஆனால் மெசினில் எழுத்து வரும், அதை வாசிக்க வேண்டும். அதனால் வாசிப்பு ரெஸ்ற் வைப்போம், பாஸ் பண்ணுகிற ஆட்கள் லேபலுக்கு, மற்ற ஆட்கள் பிரீசரிலேயே என்று சொல்லிவிட்டார்கள். வேலை முடிய லஞ்ச் ரூமில் வகுப்பு. அங்கேதான் அந்தப் புத்தகம் வந்தது.

எங்கள் லைனைப் பார்க்கிற லீட் ஹான்ட் தமிழ் ஆள். ஊரில் எங்களுக்குப் பக்கத்து ஊர். அவரிடம் போனேன்.

"அண்ணை, இது சீனப் புத்தகமெல்லே?"

"ஓம். இஞ்ச சீன ஆக்கள்தானே கூட. அவைக்கெண்டு எடுத்த வகுப்பு."

"நான் என்னண்டு படிக்கிறது?"

"வகுப்பிலை நீ ஒருத்திதான் தமிழ். உனக்கெண்டு தனிய அச்சடிப்பாங்களே பிள்ளை? படத்தைப் பார்த்துப் படி."

புத்தகத்தில் படமும் இல்லை.

லஞ்ச் ரூமில் இடம் இருந்தது ஒரு சீன மனிசிக்குப் பக்கத்தில். பிரீசரில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று அடுக்குகிறவ. என்னைவிட வயது கூட. அதுவரைக்கும் நாங்கள் தலையாட்டினதோடு சரி. அன்றைக்கு நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவ அதன் கருத்தைக் கேட்டா, சொன்னேன். அதற்குப் பிறகு அவ என்னை முய்முய் என்றா. தங்கச்சி என்று அர்த்தமாம். நாங்கள் கதைத்ததெல்லாம் உடைந்த இங்கிலீஷ். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அக்காவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையுறையைக் கழற்றினால் விரல் எல்லாம் வீங்கிச் சிவந்து கிடக்கும். நுனி வெள்ளை. கிள்ளினாலும் தெரியாது என்றா. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால்தான் நிற்கும். டொக்டர் சொல்லிவிட்டார், குளிரை விட்டு வெளியே வா, இல்லாவிட்டால் விரல் போய்விடும் என்று. வேறு வேலைக்கு அவவை எடுக்க ஆளில்லை. புருசன் ஊரில். பிள்ளைகள் இரண்டும் இங்கே. லேபல் அறைதான் ஒரே வழி.

எனக்கு லேபல் அறை கிடைத்தால் நல்லது. அவவுக்குக் கிடைக்காவிட்டால் விரல் போகும்.

அவ படித்த மாதிரி ஒருவரும் படித்து நான் பார்க்கவில்லை. பிரீசருக்குள் பெட்டி அடுக்க அடுக்க வாய் அசையும். ஒரு சொல், ஒரு பெட்டி. ஒவ்வொரு சொல்லுக்கும் வாயால் புகை வரும். புத்தகத்தில் இருந்த சொல்லெல்லாம் அவவின் தலைக்குள் போய்விட்டது. பிறகு எனக்கும் படிப்பித்தா. சீன எழுத்தை வாசிப்பா, கண்ணை மூடி யோசிப்பா, எழும்பி நடித்துக் காட்டுவா. 'ரிலக்டன்ற்' என்று ஒரு சொல். கையுறையை எடுத்தா. பிரீசர்க் கதவைப் பார்த்தா. ஒரு விரலைப் போட்டா, கழற்றினா, பெருமூச்சு விட்டா, திரும்பவும் போட்டா. மனமில்லாமல் ஒரு வேலையைச் செய்கிறது. எனக்கு அது சாகுமட்டும் மறக்காது. பக்கத்து மேசைச் சீன மனிசிகள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள்.

ரீச்சர் ஒரு வெள்ளைக்காரப் பொடியன். கெட்டவன் இல்லை. கெட்டவன் என்றால் கோபித்துவிட்டுப் போகலாம். இவன் எங்களோடு சிரிப்பான், டோனட் கொண்டுவருவான், "குட், குட்" என்பான். சொல்லைப் பாடமாக்கினால் போதாது, கதையை விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொல்வான். சரி, விளங்குவம் என்று இருந்தோம்.

ரெஸ்ற் வந்தது. முதல் பகுதி சொல். எனக்குப் பக்கத்தில் இருந்து அக்கா கடகடவென்று எழுதினா. இரண்டாம் பகுதி ஒரு கதை. அதற்குத்தான் கூடப் புள்ளி.

கதை இதுதான். ஒரு தெருவுக்குப் புதுக் குடும்பம் ஒன்று வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண், எப்ப வேண்டுமானாலும் வீட்டுப் பக்கம் வாருங்கள் என்கிறா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் குடும்பம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பை தோடம்பழத்தோடு போகிறது. அந்தப் பெண் கதவைப் பாதி திறக்கிறா. வாசலில் நின்றபடி கதைக்கிறா. மணிக்கூட்டைப் பார்க்கிறா. பழத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறா. அவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

கேள்வி: இதில் பிழை விட்டது யார்? என்ன பிழை?

இதென்ன கேள்வி என்று நினைத்தேன். இவ்வளவு சுகமான கேள்வியும் ரெஸ்ரில் வருமோ? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். பிழை வீட்டுக்காரியில். வா என்று சொன்னவ. வந்த ஆட்களை உள்ளே கூப்பிடவில்லை. தேத்தண்ணி கொடுக்கவில்லை. பழத்தை மட்டும் வாங்கினா. எழுதி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

அடுத்த கிழமை எங்கள் இரண்டு பேரையும் மனேஜரின் ஒபிஸுக்குக் கூப்பிட்டார்கள். பிரீசர் உடுப்போடு போனோம். மனேஜரும் ரீச்சரும் கோப்பி குடித்துக்கொண்டு இருந்தார்கள். அண்ணை எனக்கு மொழிபெயர்க்க வந்து சுவரோடு நின்றார். எங்களுக்கு முன்னால் இரண்டு கதிரை சும்மா கிடந்தது. இருங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை. கதவடியில் நின்றோம்.

ரீச்சர் எங்கள் தாள் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். முகத்தில் சிரிப்பில்லை. கவலை மாதிரி ஒன்று. அண்ணை சொன்னார்.

"ரெண்டு பேரும் பெயிலாம். அது பரவாயில்லையாம். ஆனா ரெண்டு பேரும் ஒரே பிழையை எழுதியிருக்கிறீங்களாம். சரியான விடை எண்டா ஒரே மாதிரி வரலாமாம். பிழை ஒரே மாதிரி வராதாம். ஆர் ஆரைப் பார்த்து எழுதினது எண்டு கேக்கிறார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என்ன பிழை அண்ணை?"

"போன் பண்ணாமல் போனதுதான் பிழையாம். இந்த நாட்டிலை முதல் போன் பண்ணி, வரலாமோ எண்டு கேட்டுத்தான் போறதாம். கதையே அதைப்பற்றித்தானாம்."

"வா எண்டு கூப்பிட்டது அவவெல்லே?"

"அது சும்மா சொல்லுறதாம்."

"சும்மா சொன்னது அப்ப ஆர்?"

"பிள்ளை, நீ இஞ்ச வேலைக்கு வந்தனியோ விருந்துக்கு வந்தனியோ? கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

சொன்னேன். "அவ சீனா. நான் யாழ்ப்பாணம். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கேல்லை. பழத்தோடை வந்த சனத்தை வாசலிலை நிப்பாட்டுறது பிழை எண்டு எழுத, எனக்குப் பக்கத்துத் தாளைப் பார்க்கத் தேவையில்லை. உங்கட வீட்டு நாய்க்குட்டிக்கும் தெரியும். இதை அப்பிடியே அவருக்குச் சொல்லுங்கோ அண்ணை."

அண்ணை ரீச்சரைப் பார்த்து ஒரு சொல்தான் சொன்னார். சொறி என்றார்.

மன்னிப்புக் கேட்கிற அந்தச் சொல் எனக்குத் தெரியும். சீனப் புத்தகம் இல்லாமலே தெரியும்.

"நான் சொறி சொல்லேல்லை," என்றேன் இங்கிலீஷில். "நோ சொறி." ரீச்சர் கோப்பியைக் கீழே வைத்தான். அக்கா என் முழங்கையைப் பிடித்தா. அவவுக்கு அந்த விரலில் பிடி இல்லை. ஆனாலும் பிடித்தா.

மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னொரு சந்தர்ப்பம் தருகிறோம், அதே கதை, அதே கேள்வி, இரண்டு பேரும் இரண்டு மூலையில் இருந்து எழுதுங்கள் என்றார். சரியான விடை என்னவென்றுதான் சொல்லியாயிற்றே. எழுதினால் பாஸ்.

லஞ்ச் ரூமில் அவ அந்த மூலை, நான் இந்த மூலை. நடுவில் ரீச்சர். கள்ளரைக் காவல் காக்கிற மாதிரி. அக்காவைப் பார்த்தேன். அவவும் என்னைப் பார்த்தா. மெதுவாக, கையில் இல்லாத கையுறையில் ஒரு விரலைப் போட்டா, கழற்றினா, திரும்பவும் போட்டா. பிறகு குனிந்து எழுதினா.

நான் முதல் எழுதினதையே எழுதினேன். சொல்லுக்குச் சொல். இந்த முறை ஒரு வரி கூட. வீட்டுக்காரியில் பிழை, கேள்வி எழுதின ஆளிலும் பிழை.

அக்கா பாஸ்.

ரீச்சர் என் தாளைக் கன நேரம் வைத்துப் பார்த்தான். இந்த முறை பார்த்து எழுத ஒருவரும் பக்கத்தில் இல்லை. அதை அவன் சொல்வான் என்று நின்றேன். அவன் சிவப்பால் கீறித் தந்தான். அதற்கும் "குட் ட்ரை" என்றான்.

"விசரி," என்றார் அண்ணை. "விடையைக் கையிலை தந்தும் எழுதத் தெரியாத ஒருத்தியை நான் இப்பத்தான் பார்க்கிறன்."

"நீங்கள் சொறி சொன்ன மாதிரி எழுதியிருக்கலாம் அண்ணை," என்றேன். அதோடு அவர் என்னோடு கதைக்கிறதை நிறுத்தினார். நல்லதாகப் போயிற்று.

அக்கா லேபல் அறைக்குப் போகிற நாள், தன் உள் கையுறையை எனக்குத் தந்தா. நல்ல கம்பளி. நான் கேட்டேன். "ஏன் அப்படி எழுதினீங்கள்?" அவ கையை நீட்டிக் காட்டினா. அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்தவள் திரும்பக் கேட்கமாட்டாள். பிறகு அவ கேட்டா, நீ ஏன் எழுதவில்லை என்று. எனக்கு அதற்கு இங்கிலீஷ் இல்லை. அவ புத்தகத்தை விரித்துத் தேடி ஒரு சொல்லில் விரலை வைத்தா. பிறகு என் நெஞ்சில் வைத்தா. ஸ்ரபன். பிடிவாதம் என்று என் மகள் பிறகு சொன்னாள்.

பிடிவாதம்தான். ஆனால் அந்தச் சொல் முழுக்கச் சரியில்லை. அவர்கள் எங்களைக் கள்ளர் என்றார்கள். பிறகு தாங்கள் சொல்லித்தந்த கள்ளத்தை எழுதினால் வேலை தருகிறோம் என்றார்கள். இதற்கு ஒரு சொல் இருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் இருக்கவில்லை.

நான் கனகாலம் பிரீசரில் நின்றேன். அக்காவின் விரல் தப்பியது. நுனியில் கொஞ்சம் உணர்வு வந்தது என்று லஞ்ச் ரூமில் கிள்ளிக் காட்டுவா. அதில் எனக்குச் சந்தோசம்.

ஒரு நாள் எங்கள் விலாசத்தைக் கேட்டா. எழுதிக் கொடுத்து, எப்ப வேண்டுமானாலும் வாங்கோ அக்கா என்றேன். நான் சும்மா சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நின்றேன். கதவு தட்டுப்பட்டது. மகள் போனாள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ.

"அம்மா, ஆரோ சைனீஸ் ஆக்கள் வந்திருக்கினம். தே டிடின்ற் ஈவன் கோல்."

போன்கூடப் பண்ணாமல் வந்துவிட்டார்களாம். எட்டிப் பார்த்தேன். மகள் கதவைப் பாதி திறந்து, தன் உடம்பால் மற்றப் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பாதிக்குள்ளால் அக்காவின் முகம். பின்னால் இரண்டு பிள்ளைகள். கையில் தோடம்பழப் பை.

"கதவை முழுக்கத் திற."

"அம்மா, ஸ்கூல்லை சொன்னவை, போன் பண்ணாமல் வந்தா..."

"ஸ்கூல்லை ஆயிரம் சொல்லுவினம். இது என்ரை வாசல். திற!"

நான் போட்ட சத்தத்தில் மேல் வீட்டுக்காரர் நிலத்தில் தட்டினார்கள். மகள் அழுதுகொண்டு அறைக்குள் போனாள். அவளுக்கு விழ வேண்டிய ஏச்சு இல்லை அது. விழ வேண்டிய ஆட்கள் அங்கே இல்லை.

கதவை அகலத் திறந்தேன். அக்கா உள்ளே காலை வைக்கவில்லை. மகளின் இங்கிலீஷ் அவவுக்கு விளங்கியிருந்தது. எல்லாச் சொல்லும் படித்தவ அல்லவா. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டா:

"முய்முய், நான் போன் பண்ணியிருக்க வேண்டுமோ?"

பையை நான் வாங்கவில்லை. அவவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பிள்ளைகளையும் இழுத்தேன். கதிரையைக் காட்டி இருங்கோ என்றேன். நான் சொன்ன விதத்தில் மூன்று பேரும் பயந்துபோய் இருந்தார்கள். மீன் கருகிக்கொண்டிருந்தது. போய் அடுப்பை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன்.