கடலில்லாத ஊரிலிருந்து ஒரு பாய்மரப் படகு வாங்கினோம்

என் மகனை இந்த நாட்டில் நிறுத்தி வைப்பதற்காக நாங்கள் ஒரு படகு வாங்கினோம். மீன்பிடி வள்ளம் இல்லை. பாய்மரமும், உள்ளே அடுப்பும் படுக்கையும் கக்கூசும் உள்ள படகு. ஒரு குடும்பம் மாதக்கணக்கில் கடலிலேயே குடியிருக்கலாம். பழைய படகுதான். ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் திருகோணமலையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

வாங்கிய நாங்கள் இருப்பதோ மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலையில், கண்டி யாழ்ப்பாண வீதி ஓரத்தில். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். என் கணவர் லொறி வைத்து மிளகும் கொக்கோவும் ஏற்றுகிறவர். குளத்தில் இறங்கினால்கூட முழங்காலுக்கு மேல் போகமாட்டார். படகு வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும், அவர் மிளகு போடும் மாத்தளைக் கடைக்கார முஸ்லிம் நானா, "மாத்தளைக்குக் கடல் எப்ப வந்திச்சி, எங்களுக்குச் சொல்லவே இல்லியே" என்று கேட்டாராம். ஊரில் எல்லாருக்கும் அது நல்ல சிரிப்பு. சிரித்தவர்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் ஏற்கெனவே வெளிநாடு போய்விட்டிருந்தார்கள். என் பிள்ளை இன்னும் இங்கே இருந்தான். எனக்கு அது போதும்.

அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. படித்து முடித்ததும் திருகோணமலைக்கு வேலைக்குப் போனான். திமிங்கிலம் காட்டும் படகுகளில் உல்லாசப் பயணிகளைக் கூட்டிப்போகும் வேலை. அங்கே வந்து நின்ற வெள்ளைக்காரர்களிடம் ஒட்டிக்கொண்டு பாய் விரித்து ஓட்டவும் பழகிவிட்டான். பிறகு நாடு கெட்டுப்போன காலம் வந்தது. பயணிகள் நின்றார்கள், எண்ணெய் நின்றது, வேலையும் நின்றது. அவன் பேச்சில் வெளிநாடு வர ஆரம்பித்தது. கடவுச்சீட்டு எடுத்துவிட்டான் என்று தெரிந்த அன்று நான் சமைக்கவில்லை. அவன் அப்பா பாண் வாங்கி வந்து தின்றார்.

ஒருநாள் தொலைபேசியில் பேசும்போது அவனே வாய்விட்டுச் சொன்னான். "எனக்குன்னு ஒரு பாய்ப் படகு இருந்தா நா எங்கயும் போகமாட்டேம்மா. வெளிநாட்டுக்காரங்கள ஏத்திக்கிட்டு இங்கயே ஓட்டுவேன்." சும்மாதான் சொன்னான். நான் சும்மா கேட்கவில்லை. அந்தச் சொல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அன்று முதல் அவன் அப்பாவை நான் நிம்மதியாக உட்கார விடவில்லை.

விற்பனைக்கு இருக்கும் படகைப் பற்றி மகன் விசாரித்து அப்பாவிடம்தான் முதலில் சொன்னான். இவர் போனை வைத்துவிட்டு வந்து, "எஞ்சின் நல்லா இருக்காம். மூணு பாய் இருக்காம். ரெண்டு பழசாம், ஒண்ணு கிழிஞ்சதாம்" என்றார்.

"கிழிஞ்ச பாய எதுக்குக் குடுக்கிறாங்க? நம்ம வீட்டிலேயே நல்ல பாய் ரெண்டு சும்மா கெடக்குது, சுருட்டிக் கொண்டு போவோம். தலகாணி இருக்கான்னு கேட்டீங்களா?" என்றேன்.

"அது கேக்கலியே" என்று அவரும் மறுபடி போன் எடுத்தார். தலையணை உண்டா என்று கேட்டதும் மகன் சிரித்த சிரிப்பு எனக்குச் சமையலறை வரைக்கும் கேட்டது. கடலுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குப் பாய் என்றால் காற்று பிடிக்கிறது. எங்களுக்குப் பாய் என்றால் படுக்கிறது.

படகு பார்க்கப் போன அன்று, லொறி வாங்கும்போது செய்வதுபோல் இவர் நாலு எலுமிச்சம்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு சின்ன வள்ளத்தில் ஏறி, கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நின்ற படகுக்குப் போனோம். மகன் கீழே தவழ்ந்து, மேலே ஏறி, பலகைகளைத் தூக்கி, கயிறுகளை இழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். விரல் முட்டியால் படகின் பக்கங்களைத் தட்டிக் காது வைத்துக் கேட்டான். உள்ளே தண்ணீர் ஊறியிருந்தால் சத்தம் மாறுமாம். உடனே அவன் அப்பாவும் பலாப்பழம் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்துவிட்டு, "முத்தினதுதான், எடுக்கலாம்" என்றார். அந்த வெள்ளைக்காரருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதாம், இனிமேல் ஓட்ட முடியாதாம். அதைச் சொல்லும்போது அவர் சுக்கானின் கைப்பிடியை விடவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் விற்றுத்தொலையட்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பேச்சு முடிந்து கை கொடுத்தாயிற்று. இவர் எலுமிச்சம்பழங்களை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு படகை முன்னும் பின்னும் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு டயர் இல்லியே. எங்க வைக்கிறது?"

தேநீருக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்த வெள்ளைக்காரரின் மனைவி, அந்த நோனா, நன்றி சொல்லிக் கை நீட்டினார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு விளக்கினான். கடைசியில் இவர் படகின் முன்பக்கம் போய், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாலையும் தண்ணீரில் போட்டார். மகன் எஞ்சினைப் போட்டு அவற்றின் மேலாகவே படகை நகர்த்தினான். பழங்கள் நசுங்கவில்லை. அமுங்கி, பின்பக்கமாக மேலே வந்து மிதந்தன. நாங்கள் ஒரு சுற்றுப் போய்விட்டுக் கரைக்குத் திரும்பியபோது மூன்று பழங்கள் மணலில் கிடந்தன. ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்தேன்.

"பாத்தீங்களா, போனது திரும்பி வந்திருச்சு" என்றேன்.

"காத்து கரப்பக்கம் அடிச்சா எல்லாம் கரைக்குத்தாம்மா வரும்" என்றான் மகன்.

அவன் சொன்னது என் காதில் ஏறவில்லை. அந்தப் பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். மகன் படகைக் கரையில் ஏற்றி அடியைச் சுரண்டினான், ஓட்டை அடைத்தான், பூசினான். கிழிந்த பாயைப் பிரித்து வெட்டித் தானே தைத்தான். மற்ற இரண்டுக்கும் விளிம்பு மாற்றினான். அம்மன் கோயில் தேருக்கு வீட்டுக்கு வந்தபோது கரிச்சட்டி மாதிரி கறுத்திருந்தான். கையெல்லாம் ஊசி குத்திய காயம். "தையக்காரனுக்காடா நா புள்ள பெத்தேன்" என்று திட்டிக்கொண்டே எண்ணெய் தடவிவிட்டேன். ஒவ்வொரு வேலையையும் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புவான். அந்த நோனாவுக்கும் அனுப்புவான். அவர்களுடைய படகல்லவா, பார்க்க ஆசையாக இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

வேலை முடிந்ததும் எங்களை ஏற்றிக்கொண்டு போனான். இவர் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாந்தி எடுத்தேன். ஆனால் அந்த அடுப்பு எனக்குப் பிடித்தது. அது ஊஞ்சல் மாதிரி தொங்கியது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு சாயவில்லை, கேத்தல் நேராக நின்றது. வாந்தி நின்றதும் அதில் இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் ஊற்றி மகனுக்குக் கொடுத்தேன். சுக்கானைப் பிடித்துக்கொண்டே குடித்தான். இனி இவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். உக்குவளையில் ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன்.

அந்த நோனா அவன் படங்களை நியூசிலாந்தில் படகு திருத்தும் இடம் வைத்திருக்கும் ஒரு சிநேகிதிக்குக் காட்டியிருக்கிறார். எங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அந்த இடத்துக்காரர்கள் வேலை தந்து விசாவும் தாங்களே எடுத்துத் தருவதாக மகனுக்கு எழுதிவிட்டார்கள்.

அவன் ஊருக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"நீ போகக்கூடாதுன்னுதானேடா அந்தப் படக வாங்கிக் குடுத்தோம்."

"தெரியும்மா" என்றான். "அந்தப் படகாலதாம்மா கூப்பிடுறாங்க" என்றான்.

நான் சட்டியைக் கீழே வைத்து அவனுக்கு இன்னும் கொஞ்சம் மீன் போட்டேன்.

இங்கே ஓட்டினால் ஒரு பருவம் ஓடும், ஒரு பருவம் சும்மா நிற்கும், அங்கே போனால் பெரிய படகுகளில் வேலை பழகலாம் என்றெல்லாம் சொன்னான். எல்லாம் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒருநாளாவது அவனுக்குப் போக மனமில்லாமல் இருக்காதா என்று எதிர்பார்த்தேன். அவன் முகத்தில் அது இல்லை. படகைத் தட்டிக் காது வைத்துக் கேட்டபோது இருந்த அதே முகம்தான் இருந்தது.

போகும் நாள் காலையில் வேன் வாசலில் நின்றது. திருகோணமலைக்குப் போகும்போதெல்லாம் அவன் தம்புள்ளைப் பக்கம் போகும் பஸ்ஸில்தான் ஏறுவான். விமான நிலையத்துக்குப் போகும் இந்த வேன் எதிர்த்திசையில், மாத்தளைப் பக்கம் பார்த்து நின்றது. யட்டவத்தைக்கு மிளகு ஏற்றப் போன இடத்தில் இவர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். நல்ல பெரிய பழங்கள். குனிய முடியாத மனுஷன் ஒவ்வொரு டயராகக் குனிந்து வைத்தார். நாலாவதை வைத்துவிட்டு எழும்பாமல் அப்படியே டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன்தான் இறங்கி வந்து தூக்கிவிட்டான்.

"இதுக்கு டயர் இருக்குப்பா" என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவனே அழுதான்.

வேன் போன பிறகு நான் ரோட்டில் இறங்கிப் பார்த்தேன். நாலும் நன்றாக நசுங்கிக் கிடந்தன. நசுங்கினால்தான் பயணம் நல்லபடி போகும், அது எனக்குத் தெரியாதா. இருந்தாலும் ஒன்றாவது உருண்டு தப்பியிருக்கக்கூடாதா என்று இருந்தது. பின்னால் வந்த பஸ் கோன் அடித்தபோதுதான் வீட்டுக்குள் வந்தேன்.

படகு இப்போதும் திருகோணமலையில்தான் நிற்கிறது. அவனுக்குத் தெரிந்த ஒருவர் பார்த்துக்கொள்கிறார். ஓட்டாமல் வைத்தால் கெட்டுப்போகும், விற்றுவிடுங்கள் என்று மகன் சொல்லிவிட்டான். விளம்பரத்தில் இவருடைய நம்பரைக் கொடுத்திருக்கிறோம்.

நேற்று ஒருவர் கூப்பிட்டார். கொழும்புக்காரர், தமிழில் பேசினார். இவர் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகைக் காலால் தள்ளிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அடியில் ஊறல் இல்லை, தட்டிப் பார்க்கலாம் என்றார். அடுப்பு சாயாது என்றார்.

"பாய் மூணு இருக்குங்க. காத்து புடிக்கிற பாய். மூணும் எம்மகன் கையால தச்சது" என்றார்.

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, இவர் கால் நின்றுவிட்டது.

"பழுது ஒண்ணும் இல்லீங்க" என்றார். "ஓட்டுறதுக்கு ஆள் இல்ல. அதான் விக்கிறோம்."