வெள்ளிக்கிழமை பார்த்த வீடு

ஆம்பூரில் இஷ்தியாக் அகமதுவைப் போல நிதானமாக வீடு தேடியவர் யாரும் இல்லை. அவ்வளவு நிதானமாக ஏமாந்தவரும் இல்லை.

தோல் பதனிடும் டேனரி ஒன்றில் அவர் மேஸ்திரி. தோல் நாற்றம் அவர் மூக்குக்குத் தெரியாமல் போய்ப் பல வருஷமாகிவிட்டது. மனைவி முனவ்வர் பேகம் வேலூர்க்காரி. டேனரிச் சுவரை ஒட்டிய வாடகை வீட்டில் அவளால் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. "நாத்தம் இல்லாத எடத்துல வூடு வாங்குங்க, அன்னிக்கே வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். பார்க்கப் போன இடத்தில் சொந்தப் பிள்ளையே யாரோ என்று மிரண்டு அழுதது. மனிதர் உடைந்துபோனார்.

தன் மூக்கை நம்பக்கூடாது என்கிற விவரம் அவருக்கு இருந்தது. அதனால் மைத்துனன் மக்பூலை வரவழைத்தார். அவன் அத்தர் வியாபாரி; மூக்கால் பிழைக்கிறவன். டேனரிகளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால், வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இருவரும் கிளம்புவார்கள். மக்பூல் தெருமுனையில் நின்று காற்றை இழுத்துப் பார்ப்பான். உதட்டைப் பிதுக்குவான். அடுத்த தெருவுக்கு நடப்பார்கள்.

கடைசியில் ஊருக்கு வெளியே, பாலாற்றுக்குப் போகும் பாதையில், தென்னந்தோப்பை ஒட்டிய வீடு ஒன்று அகப்பட்டது.

"மல்லிப்பூ வாசனதான் வருது பாய். கண்ண மூடிக்கினு வாங்குங்க" என்றான் மக்பூல். அவரும் அப்படியே வாங்கினார். மனைவி வந்ததும் குடிபோகலாம் என்று பூட்டி வைத்தார்.

முனவ்வர் சும்மா வரவில்லை. தோப்பையும் மல்லிப்பூவையும் பற்றி வேலூரில் ஒரு வீடு விடாமல் பீற்றிக்கொண்டுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கினாள். அன்று இருமுறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே அவருக்கு வயிறு நிறைந்தது.

சனிக்கிழமை காலை வாசலில் மாட்டுவண்டிகள் வரிசையாக வந்தன. தோலிலிருந்து சுரண்டிய சதையும் மயிரும் ஒழுக ஒழுக, ஊர் டேனரிகளின் கழிவு மொத்தமும் ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. முனவ்வர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"இந்த வழியா போகச் சொன்னது யாரு?" என்று முதல் வண்டிக்காரனைக் கேட்டாள்.

வண்டிக்காரன் வேலாயுதம் மரியாதையாகத் தலைப்பாகையை அவிழ்த்தான். "நம்ம மேஸ்திரிதாம்மா. ஊருக்குள்ள கொட்டாதீங்க, மனுசன் இல்லாத பக்கமா கொண்டுபோங்கன்னாரு. நல்ல யோசனன்னு மத்த டேனரிக்காரங்களும் இப்படியே அனுப்புறாங்க."

யோசனை இரண்டு வருஷத்துக்கு முந்தியது. வாயால் சொன்னதோடு சரி, வண்டி எங்கே போகிறது என்று இஷ்தியாக் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. இப்போது முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தார். நீர் சொன்ன பாதைதானே என்று முதலாளி சிரித்தார்.

"வேலூருக்கு, ஒங்க அம்மி வூட்டுக்குப் போறியா?" என்று மனைவியிடம் பயந்துகொண்டே கேட்டார்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?" என்றாள் முனவ்வர்.

அவள் போகவில்லை. அந்த வீட்டிலேயே இன்னும் நான்கு பிள்ளைகள் பெற்றாள். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் பழகிக்கொண்டாள். வேலூர் உறவுக்காரர்களை அழைப்பதில் மட்டும் கண்டிப்பு: வெள்ளிக்கிழமை காலை வர வேண்டும், இருட்டுவதற்குள் ரயிலேற வேண்டும். காதுகுத்து, விருந்து, மகளின் நிக்காஹ் எல்லாமே வெள்ளிக்கிழமைதான்.

இஷ்தியாக் அகமது வீட்டில் மார்க்கப்பற்று கொஞ்சம் ஜாஸ்தி என்று வேலூரில் இன்னமும் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள்.