அயர்லாந்துக்குப் போகாதவளுக்கு ஒரு பேனர்

இன்று கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னை நானே பார்த்தேன்.

ஆள் உயர ஃப்ளெக்ஸ் பேனர். என் முகம், பக்கத்தில் ஒரு விமானம். ‘அயர்லாந்து செல்லும் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வாழ்த்துகள்.’ கீழே வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி என் மாமா.

நான் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: டேட்டா டிரெயினி வேலைக்கு அங்கிருந்து இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இண்டர்வியூ நன்றாகவே போனது. இன்று காலை மெயில் வந்தது. இந்த வேலைக்கு விசா ஸ்பான்சர் செய்ய மாட்டார்களாம்.

உடனே போன் செய்தேன்.

“கெடைக்கல மாமா. பேனர எறக்கிடுங்க.”

“உன்ன வேணாம்னுட்டாங்களா?”

“வேணாம்னு சொல்லல. விசா எடுத்துத் தரமாட்டாங்களாம்.”



“வேற எங்கியாச்சும் போட்டிருக்கியா?”

“ஜெர்மனிக்குப் போட்டிருக்கேங்க. இன்னும் பதில் வரல.”

“அப்பறம் எதுக்குப் புள்ள எறக்கணும்? நாட்டுப் பேரு மேல மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்.”

மாலை வீடு திரும்பும்போது பார்த்தேன். ‘ஜெர்மனி’ என்று ஒட்டிவிட்டார்.

விசாவோடு டிரெயினி வேலை தரும் இடம் எங்காவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நாட்டின் பெயர் மட்டும் சின்னதாக இருக்கட்டும். ஸ்டிக்கருக்கு அவ்வளவுதான் இடம்.