சண்முகத்தாய் தோட்டத்து மண்மேடு

1. மேட்டைத் தட்டிய நாள்

உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்திலேயே என் சர்வீஸ் கழிந்தது. விவசாயிகளுக்கு நல்ல யோசனையும் சொல்லியிருக்கிறேன், அசட்டு யோசனையும் சொல்லியிருக்கிறேன். இது இரண்டாவது வகை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும்.

குருவிகுளம் போகிற வழியில் சண்முகத்தாய்க்கு ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனம். கணவர் இல்லை. கத்தரிதான் அவருக்குச் சோறு போட்டது. கிணறு வெட்டியபோது தோண்டிப் போட்ட செவல் மண் ஓரமாக மேடாகக் கிடந்தது. அரசுத் திட்டத்தில் தண்ணீர்த் தொட்டி கட்ட இடம் பார்க்கப் போனேன். மேடு முழுக்கப் பென்சில் நுழைகிற அளவுக்குப் பொந்துகள். வயிற்றில் நீலக் கோடு போட்ட சின்னப் பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தன.

"குளவி அடைஞ்சு கெடக்கும்மா. மேட்டத் தட்டிட்டு அங்கனயே தொட்டியக் கட்டிருவோம்" என்றேன்.

"அது கொட்டாது சார். நான் பக்கத்துல உக்காந்துதான் கஞ்சி குடிக்கேன். பொந்துள்ள மண்ணுல எங்க வீட்ல மம்பட்டி போட மாட்டோம்."

எங்கள் ஊர்க் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் பூசுவோம், வயிற்றுக்கோளாறுக்குக் கரைத்தும் குடிப்போம். பொந்து கண்ட மண்ணுக்கெல்லாம் சண்முகத்தாய் அதே மரியாதையைக் கொடுத்தார். நானும் அந்த மண்ணைப் பூசி வளர்ந்தவன்தான். ஆனால் படித்த திமிர் இருக்கிறதே!

"புத்துமண்ணு கோயிலோட இருக்கட்டும். மேட்டத் தட்டுனாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றேன்.

ஆபீசர் சொன்ன பிறகு அவர் என்ன பேசுவார்? மறுவாரம் ஜே.சி.பி. வந்தது. ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு அந்தப் பூச்சிகள் காலில் மகரந்தத்தோடு வந்து சேர்ந்தன. தட்டிய தரைக்கு மேலே ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது. போகும், திரும்பவும் அதே இடத்துக்கு வரும்.

"வீட்டத் தேடுது சார்" என்றார் சண்முகத்தாய்.

"ரெண்டு நாள்ல வேற எடம் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

2. தேனீப்பெட்டி

அடுத்த போகத்தில் செடி தளதளவென்று நின்றது. பூவும் வந்தது, ஆனால் பாதிக்கு மேல் உதிர்ந்தது. பிடித்த காயும் சுண்டிப்போனது. நுண்ணூட்டம் அடிக்கச் சொன்னேன். பலன் இல்லை. ஒரு தேனீப்பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். அந்தத் தேனீக்கள் பக்கத்துத் தோட்டத்துச் சூரியகாந்திக்குப் போயினவே தவிரக் கத்தரியைச் சட்டை செய்யவில்லை.

ஒரு பயிற்சி வகுப்புக்குப் பூச்சியியல் பேராசிரியை ஒருவர் வந்திருந்தார். மேட்டைத் தட்டுவதற்கு முன் செல்போனில் எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன்.

"இது குளவி இல்ல சார், தேனீ. கூட்டமா வாழாது. ஒவ்வொரு தாயும் தனித்தனியா பொந்து தோண்டி, உள்ள மகரந்தம் சேத்து, முட்டை போட்டு மூடிட்டுப் போயிரும். கத்தரிப்பூவப் புடிச்சு உலுக்கி மகரந்தத்தக் கொட்ட வைக்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது."

"அப்ப மேட்டுக்குள்ள முட்டை இருந்திருக்குமா மேடம்?"

"முட்டை, புழு எல்லாமே இருந்திருக்கும் சார்."



3. திருப்பிக் கொட்டிய மண்

ஒரு டிராக்டர் செவல் மண் அடித்து, தொட்டிக்குப் பக்கத்தில் மேடு போட்டேன். அந்தத் தேனீக்கள் பூவுக்கு வரட்டும் என்று சுற்றிலும் துளசி நட்டேன். அந்தப் பக்கம் மருந்து அடிக்கவோ உழவோ கூடாது என்று சொல்லிவைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தேன். மூன்று மழைக்காலம் போய்விட்டது. மேட்டில் ஒரு பொந்துகூட விழவில்லை. சண்முகத்தாய் கத்தரியை விட்டுவிட்டு மக்காச்சோளம் போட்டார். அது கட்டுப்படியாகாமல் தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்கும் போகிறார்.

போன மாதம் மேட்டுக்கு முன்னால் நான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"மண்ணத் திருப்பிக் கொட்டிட்டீய சார். பொந்த யாரு போடுவா?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஓரிடத்தைத் தட்டச் சொல்லுமுன் ஒரு காலைப்பொழுது அங்கே சும்மா உட்காருங்கள், அங்கே கஞ்சி குடிக்கிறவர்களிடம் கேளுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. அந்த ஃபைல் இன்னும் ஆபீசில்தான் இருக்கும். அதில் "பயனற்ற மண்மேடு அகற்றப்பட்டது" என்று என் கையெழுத்தில் இருக்கிறது.